மூணு தடவை கூப்பிடோணும்

உக்காருங்க, உக்காருங்க. அந்தப் பையத் தூக்கி இப்படி வெச்சுட்டு நல்லா உக்காருங்க. எடம் யாருக்கும் புடிச்சு வெக்கலீங்க. எங்காளுக மூணு பேரும் அதா, அந்தக் கம்பித் தடுப்புக்கிட்ட படகு வரிசையில நிக்கறாங்க. நான் போகலீங்க. வழியனுப்ப வந்தேன், அவ்வளவுதான்.

நீங்க போன்ல பேசுனதக் கேட்டேன், தமிழ்னு தெரிஞ்சுது. எந்தப் பக்கமுங்க? தஞ்சாவூரா, நல்லதுங்க. நமக்குத் திருச்செங்கோடு. எம்பேரு அர்த்தநாரி. போர்வெல் அர்த்தநாரின்னா எங்க பக்கம் தெரியும். ரெண்டு வண்டி வெச்சு இருவத்தெட்டு வருசம் ஓட்டுனேன். ராஜஸ்தான்ல போர் போட்டிருக்கேன், ஒடிசாவுல போட்டிருக்கேன். ஆயிரத்து எரநூறு அடிக்குக் கீழ கெடந்த தண்ணிய மேல கொண்டாந்திருக்கேன். ஆனா தண்ணிக்குள்ள தலைய விட்டதில்லீங்க. நீச்சல் தெரியாது. அத ஏன் மறைக்கோணும்?

உங்க கப்பல் எத்தன மணிக்கு? பதினொன்னா. அப்ப நேரம் கெடக்குது. எங்காளுக படகு ஒம்பதுக்கு. அந்த நீலச் சுடிதார் தெரியுதுங்களா, கண்ணாடிய நெத்திமேல தூக்கி வெச்சுட்டு நிக்கறது? அதான் எங்கூட்டுக்காரி, துளசிமணி. அம்பத்தேழு வயசுங்க. சுடிதார் அவளோடதில்ல, சம்பந்தியம்மாவோடது. நேத்து ஒரு நாள் போட்டுப் பழகிட்டா, இன்னிக்குக் காலையில கேக்காமயே எடுத்து மாட்டிட்டு வந்து நிக்கறா. பக்கத்துல கைய வீசிப் பேசிட்டு நிக்கறவர்தான் சம்பந்தி, தெய்வசிகாமணி. எம் பையனோட மாமனாரு. பொள்ளாச்சி. காலேஜ்ல பி.டி. மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. பேச்சும் ஆளும் எப்பவும் கிரவுண்டுல நிக்கற மாதிரியே இருக்கும்.

நேத்து நடந்தத உங்ககிட்டச் சொல்றேன். நீங்க வெளி ஆளு, ரெண்டு பக்கமும் சேராதவரு. யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

பையனும் மருமகளும் பெங்களூர்ல இருக்காங்க. ரெண்டு பேரும் சேந்து ப்ளேன் டிக்கெட்டு, ரூமு எல்லாம் போட்டு எங்க நாலு பேரையும் இங்க அனுப்பி வெச்சாங்க. ஊருக்கெல்லாம் நான் என்ன சொன்னேன்? "பசங்க தொந்தரவு பண்றாங்க, தட்ட முடியல"ன்னு சொன்னேன். நெசம் அது இல்லீங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ. எனக்கு அந்த மீனப் பாக்கோணும்.

ஆறு மாசம் முன்னாடி பையன் போன்ல ஒரு வீடியோ அனுப்புனான். கண்ணாடி மாட்டி, வாயில ஒரு கொழாய வெச்சுட்டு ஒரு ஆளு கடல்மேல குப்புற மெதக்கறான். கீழ பாத்தா ஒரு ஊரே இருக்குது. மஞ்சள் மீனு, ஊதா மீனு, பூ மாதிரி விரியற கல்லு. நான் நெலத்துக்குள்ள எத்தன தண்ணியப் பாத்திருக்கேன், எல்லாம் சேறும் கல்லுத்தூளுமா பீச்சி அடிக்கும். தண்ணிக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கும்னு எனக்கு அறுவத்தி நாலு வயசு வரைக்கும் யாரும் சொல்லல. அந்த வீடியோவ ஒரு நாளைக்கு நாலு தடவ பாப்பேன். பாத்துட்டு யாராச்சும் வந்தா நியூஸ்க்கு மாத்திருவேன்.

அப்பறம் அந்தக் கண்ணாடியும் கொழாயும் ஆர்டர் போட்டு வாங்குனேன். பார்சல் வந்தப்ப துளசி, "என்னதுங்க இது?"ன்னா. "வெல்டிங் கண்ணாடி"ன்னுட்டேன். ஊட்டுக்குப் பின்னாடி மாட்டுத் தொட்டி இருக்குதுங்க. காலையில அஞ்சரைக்கு, அவ கோலம் போட வாசலுக்குப் போற நேரம் பாத்து, தொட்டியில மூஞ்சிய வெச்சுப் பழகுவேன். வாயில மூச்சு விட்டுப் பழகறதுக்கே பத்து நாளாச்சு. எரும பக்கத்துல வந்து நின்னுட்டு, இவன் எப்ப எந்திரிப்பான், நான் எப்பக் குடிக்கறதுன்னு பாக்கும். ஒரு நாள் துளசி பின்னாடி வந்து நின்னுட்டா. "என்ன பண்றீங்க?" "மூஞ்சி கழுவறேன்." அவ்வளவுதான், போயிட்டா. நாப்பது நாள் பழகுனேனுங்க. கண்ணாடி மங்காம இருக்கறதுக்கு உள்ள எச்சத் துப்பித் தேய்க்கோணும், அது வரைக்கும் எனக்குத் தெரியும்.

சரி, நேத்துக் கதைக்கு வர்றேன்.

காலையில இதே எடத்துல வந்து நின்னோம். மீனு பாக்கக் கூட்டிட்டுப் போற அந்தத் தீவுக்குப் பிளாஸ்டிக் ஒண்ணும் கொண்டுபோகக் கூடாதாம். பையத் தொறந்து பாத்தாங்க. துளசி முறுக்கக் கவர்ல போட்டு வெச்சிருந்தா. கவரப் புடுங்கிட்டாங்க. அவ உடனே எந்தோள்ல கெடந்த துண்ட உருவி, முறுக்கக் கொட்டி மூட்டை கட்டிட்டா. சம்பந்தி சிரிச்சாரு. மாப்பிள வீட்டுக்காரன் துண்டு முறுக்கு மூட்டையாப் போச்சு, சரி போகட்டும்னு விட்டுட்டேன்.

ஒரு மணி நேரம் படகு. எறங்கிப் பாத்தா தீவுல ஒண்ணுமே இல்லீங்க. கடையில்ல, கரண்டு இல்ல, ஒரு டீக்குக்கூட வழியில்ல. மரம், மணலு, தண்ணி. ஒரு காயிதத் துண்டு கெடையாது. மனுசன் கை படாத எடம்னு சொல்றாங்களே, அத நேத்துத்தான் கண்ணுல பாத்தேன். தண்ணி எப்படி இருக்குதுங்கறீங்க, முட்டளவு ஆழத்துல நின்னா கால் நகம் தெரியுது. அப்பவே எறங்கிரலாம்னு இருந்துச்சு. ஆனா மூஞ்சில காட்டலீங்க.

அங்க ஒரு கைடு இருக்காப்புல. முகேஷாம். பேருதான் இந்தி, அப்பன் பரமக்குடிக்காரரு, இவன் பொறந்து வளந்ததெல்லாம் இங்க, இந்தப் பெரிய தீவுலதான். நாப்பது நாப்பத்திரண்டு வயசிருக்கும், நல்ல தொப்ப, கழுத்துல விசிலு. எல்லாத்துக்கும் மெதக்கற ரப்பர் சட்ட மாட்டி விடறான், கண்ணாடி குடுக்கறான். மொத்தம் ரெண்டரை மணி நேரம், அதுக்குள்ள எல்லாரும் பாத்துட்டு ஏறிரோணும்னு சொன்னான். எங்கிட்ட வந்து, "அங்கிள், வர்றீங்களா?"ன்னான்.

நான் என்ன சொல்லுவேன்? "இல்ல தம்பி, பரவால்ல. மத்தவங்க போகட்டும்"னேன்.

"ஓக்கே அங்கிள்"னுட்டுப் போயிட்டானுங்க.

போயிட்டான். அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பாக்கல.

நீங்க சிரிக்கறீங்க. உங்க பக்கம் எப்படின்னு தெரியல, எங்க பக்கம் மொதத் தடவ கூப்பிட்டா "வேண்டாம்"னுதான் சொல்லோணும். கூப்பிட்ட ஒடனே எந்திரிச்சு ஓடுனா அவனுக்கு என்ன மரியாத? ரெண்டாவது தடவ கூப்பிடறப்ப, "அட, நீங்க போங்க, நான் வர்றேன்"னு இழுக்கோணும். மூணாவது தடவ கூப்பிடறவன் கையப் புடிச்சு இழுக்கோணும். அப்ப, "சரி, இவ்வளவு சொல்றீங்க"ன்னு எந்திரிக்கோணும். பந்தியில உக்கார்றதுக்கே அப்படித்தானுங்க. எங்க பெரியப்பா ஒரு கல்யாணத்துல ரெண்டாவது தடவை கூப்பிட ஆளில்லாம மூணு பந்தி முடியற வரைக்கும் கைகழுவற எடத்துலயே நின்னாரு. அப்பறம் ஊட்டுக்கு வந்து பழைய சோத்தக் கரைச்சுக் குடிச்சாரு. அந்தக் கல்யாண வீட்டுக்காரன் பத்து வருசம் எங்கூட்டு வாசல மிதிக்க முடியல. மரியாதைன்னா அது.

இந்த முகேஷுக்கு அது தெரியல. சரி, அவன் தீவுக்காரன். சம்பந்திக்குத் தெரியோணுமா இல்லையா? பொண்ணு குடுத்த எடமுங்க. அவரு என்ன பண்ணுனாருங்கறீங்க? டவுசரப் போட்டாரு, ஒரு விசிலு அடிச்சாரு, தண்ணியில குதிச்சாரு. சம்பந்தியம்மாவும் கூடவே போயிட்டாங்க. அம்பதடி தூரம் போயி, தலையத் தூக்கி, "சம்பந்தி, வாங்க"ன்னு அங்கிருந்து கையாட்டறாரு. தண்ணிக்குள்ள நின்னுட்டு, கரையில உக்காந்திருக்கறவன அம்பதடி தூரத்துல இருந்து கூப்பிடறது ஒரு கூப்பாடா? பஸ்ஸ நிறுத்தற மாதிரி இருந்துச்சு. கரைக்கு வந்து, மேல துண்டப் போட்டுட்டு, எம் முன்னாடி நின்னு கூப்பிட்டா அது கூப்பிடறது. நான் "இருக்கட்டும், இருக்கட்டும்"னு கையக் காட்டுனேன். அவரு சரின்னு மறுபடியும் முங்கிட்டாரு. தண்ணிக்குள்ள முங்குனவர்கிட்ட என்னத்தப் பேசறது?

துளசியக் கேக்கலையான்னு கேக்கறீங்க. கேட்டேனே. நான் அப்படியெல்லாம் விடற ஆளில்ல. "நீ போறியா?"ன்னு கேட்டேன். "நான் எதுக்குங்க? செருப்பெல்லாம் பாத்துக்கறேன்"னா. சரின்னு விட்டுட்டேன். வேண்டாம்னு சொல்றவள என்ன பண்றது? அவ எப்பவும் அப்படித்தானுங்க. ஆசைங்கறதே கெடையாது. கல்யாணமான புதுசுல ஈரோட்டுல சர்க்கஸ் வந்துச்சு, "வர்றியா?"ன்னேன், "நீங்க போயிட்டு வாங்க"ன்னா. போயிட்டு வந்தேன். மொத மொதல்ல காரு எடுத்தப்ப, "முன்னாடி உக்கார்றியா?"ன்னேன், "உங்க அக்கா உக்காரட்டும்"னா. அக்கா உக்காந்துச்சு. ராஜஸ்தான்ல வண்டி நின்ன காலத்துல, "ஒருக்கா வந்து பாக்கறியா?"ன்னேன், "மாட்ட யாரு பாக்கறது?"ன்னா. நாயந்தானே. முப்பத்தாறு வருசத்துல நான் கேக்காம விட்டது ஒண்ணுமில்ல. ஒவ்வொண்ணுக்கும் கேட்டிருக்கேன். அவளுக்கு வேண்டியதில்ல, அவ்வளவுதான். அந்த வகையில நான் குடுத்து வெச்சவன்.

அப்பறம் என்ன, ரெண்டு பேரும் மரத்தடியில உக்காந்திருந்தோம். அவ செருப்பப் பாத்துக்கிட்டா. நான் கடலப் பாத்துக்கிட்டேன்.

முக்கா மணி நேரம் போச்சு. யாரும் வரல. நான் மெதுவா எந்திரிச்சு, கால் கழுவற மாதிரி தண்ணிகிட்டப் போனேன். வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு முட்டளவு நின்னேன். பாத்தா காலுகிட்ட மீனு வருதுங்க. விரல் நீளம், கறுப்பும் வெள்ளையுமா வரி போட்டது, ஒரு பத்துப் பாஞ்சு. மேல இருந்து பாத்தா அலையில எல்லாம் கலஞ்சு கலஞ்சு தெரியுது. மூஞ்சிய மட்டும் உள்ள வெச்சாப் போதும், தெளிவாத் தெரியும். நாப்பது நாள் பழகுனவனுக்கு அது தெரியாதா? குனிஞ்சேன். இன்னும் ஒரு சாண்தான். அந்த நேரம் பாத்து ஒரு பெங்காலிக் குடும்பம் பக்கத்துல வந்து நின்னுட்டு என்னையே பாக்குது. என்ன பண்றது, முறுக்குத் தீந்து மறுபடியும் தோளுக்கு வந்திருந்த துண்ட அலசற மாதிரி அலசுனேன். அதுல முறுக்குத் தூளு இருந்திருக்குது போல, மீனு எல்லாம் ஓடி வந்து மொச்சுக்கிச்சு. அந்த முகேஷு அங்கிருந்து விசில் ஊதறான், "அங்கிள், மீனுக்குத் திங்கக் குடுக்கக் கூடாது"ன்னு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. போயி மறுபடியும் மரத்தடியிலயே உக்காந்துட்டேன்.

இப்பத்தான் நீங்க கவனமாக் கேக்கோணும். இங்கதான் அநியாயம் நடந்துச்சு.

சம்பந்தியம்மா தண்ணியில இருந்து ஏறி வந்தாங்க. நேரா துளசிகிட்டப் போனாங்க. "வாங்க"ன்னாங்க. "ஐயோ, வேண்டாமுங்க"ன்னா. "அட, வாங்க. பையில எஞ்சுடிதாரு ஒண்ணு இருக்குது, உங்களுக்குப் பத்தும்"னாங்க. "எனக்குப் பயம், நீங்க போங்க"ன்னா. அந்தம்மா விடலையே. கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, புதர் மறைவுல நிக்க வெச்சு சுடிதார மாட்டி, ரப்பர் சட்டையக் கட்டி, அந்த முகேஷுகிட்ட ஒப்படைச்சுட்டாங்க. மூணு தடவ. எண்ணிக்கிட்டே இருந்தேன். பொம்பளைகளுக்கு மொறை தெரிஞ்சிருக்குது பாருங்க. ஆனா அந்த மூணு தடவையும் ஆசையே இல்லாதவளுக்குப் போச்சு. ஆசை இருக்கறவன் ரெண்டடி தள்ளி உக்காந்திருக்கான், அவனுக்கு ஒண்ணு மிச்சம் வெக்கப்படாதா?

துளசி தண்ணிக்குள்ள எறங்குனா. மொதல்ல அந்த முகேஷோட கையப் புடிச்சுட்டு நின்னா. அப்பறம் குனிஞ்சா. குனிஞ்சவ எந்திரிக்கலீங்க. எந்திரிச்சு நின்னுட்டேன். பாத்தா காலு ரெண்டும் மெதுவா ஆடுது, கொழாயில மூச்சு போகுது. மாட்டுத் தொட்டியும் இல்ல, பழக்கமும் இல்ல, எறங்குன ஒடனே குப்புற மெதக்கறா. நாப்பது நாள் பழகுனவன் கரையில நின்னு அவ செருப்பப் பாத்துட்டிருக்கேன்.

அரை மணி நேரம் அவ மேல வரல. அப்பறம் வந்தா. கண்ணாடியக் கழட்டுனா. மூஞ்சியில வட்டமாக் கண்ணாடி அச்சு. நேரா எங்கிட்ட ஓடி வந்தா. அவ ஓடி நான் பாத்ததில்லீங்க. மூச்சு வாங்குது. "ஏனுங்க, பச்சையா ஒரு மீனு, கிளி மூக்கு மாதிரி மூக்கு, கல்லக் கடிச்சுத் திங்குது. திங்கற சத்தம் காதுல கேக்குதுங்க, மிச்சர் திங்கற மாதிரி. வாங்க, வந்து பாருங்க, வாங்க"ன்னா.

நான், "இல்ல, பரவால்ல. நீ போ"ன்னேன்.

வாயில வந்துருச்சுங்க. நெனைச்சுச் சொல்லல. யாரு கூப்பிட்டாலும் மொதல்ல அதுதான் வரும், அறுவத்தி நாலு வருசப் பழக்கம். சொல்லிட்டு இன்னொருக்கா கூப்பிடுவான்னு அவ மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன். வேட்டி முடிச்சுல கைய வெச்சுட்டேன், அவுக்கறதுக்கு. அவ ஒரு நிமிசம் என்னையப் பாத்தா. "சரிங்க"ன்னா. திரும்பி ஓடிட்டா. தண்ணிக்குள்ள போயிட்டா.

சம்பந்தி மேல எனக்குக் கோவம், முகேஷு மேலயும் கோவம். ஆனா துளசி அப்படித் திரும்பிப் போனதுக்குக் கோவம் வரலீங்க. வலிச்சுது. எனக்கு மீனு வேணும், அவ கூப்பிட்டா, நான் போயிருக்கலாம். அதுக்குள்ள விசில் ஊதிட்டான், நேரம் முடிஞ்சுதுன்னு.

படகுல வர்றப்ப ஒரு மணி நேரமும் அவதான் பேசுனா. எங்கூட்ல அவ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசறவ. நேத்து சம்பந்தியும் அவளும் மாத்தி மாத்தி, "அந்த ஊதா மீனப் பாத்தீங்களா", "அந்தக் கல்லுக்கு அடியில எட்டிப் பாத்தீங்களா"ன்னு. "நாளைக்கும் போலாங்களா?"ன்னு அவதான் கேட்டா. நான் முறுக்குத் துண்ட மடியில வெச்சுட்டு எதுத்தாப்புல உக்காந்திருந்தேன்.

ரூமுக்கு வந்ததும் கேட்டுட்டேன். "ஒருக்காக் கூப்பிட்டா வந்துருவாங்களா? ரெண்டாவது தடவ கூப்பிடோணும்னு உனக்குத் தெரியாதா?"ன்னு. அவ தலை துவட்டிட்டிருந்தா. நின்னா. "என்னைய யாருங்க ரெண்டாவது தடவ கூப்பிட்டாங்க?"ன்னா.

எப்படிப் பேசறா பாருங்க. ரெண்டு மணி நேரம் முன்னாடிதான் சம்பந்தியம்மா மூணு தடவ கூப்பிட்டாங்க, நான் கண்ணாலப் பாத்தேன், எண்ணுனேன். அதையே சொன்னேன். அவ என்னையப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சா. "ஆமாங்க, அவங்க கூப்பிட்டாங்க"ன்னுட்டுப் படுத்துட்டா. இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு எனக்கு இப்ப வரைக்கும் வெளங்கல. நீங்க என்ன அப்படிப் பாக்கறீங்க? உங்களுக்கு வெளங்குதா? சரி, விடுங்க.

இன்னிக்குத்தான் கடைசி. நாளைக்குக் காலையில ப்ளேனு. இன்னிக்கு விட்டா அந்தத் தீவ நான் எங்க பாக்கப் போறேன்? காலையில சம்பந்தி காபி குடிக்கறப்ப, "சம்பந்தி, இன்னிக்காச்சும் வர்றீங்களா?"ன்னாரு. "வெயிலு ஆகாது"ன்னேன். ஒண்ணு. அதுக்கப்பறம் அவரு இட்லியப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாரு.

இருங்க, துளசி வர்றா. நீங்க ஒண்ணும் காட்டிக்காதீங்க.

என்ன? மாத்தரையா? பையில இருக்குது. இவரு தஞ்சாவூர்க்காரரு, சும்மா பேசிட்டிருக்கோம். நானா? இல்ல, இல்ல. நீ போயிட்டு வா. ம். பாத்து.

பாத்தீங்களா? கேட்டீங்கல்ல? "வர்றீங்களா"ன்னு ஒருக்கா. "போயிட்டு வா"ன்னேன், போயிட்டா. மாத்தரையக் கையில குடுத்துட்டு, வாழப்பழத்த மடியில வெச்சுட்டு, போயே போயிட்டா. அவளும் அந்த முகேஷு மாதிரி ஆயிட்டா. இந்தத் தண்ணி ஒரே நாள்ல ஆள மாத்திருது.

அதா, நோட்டுக்காரரு வந்துட்டாரு. இனிப் பேரு வாசிப்பாங்க. பேரக் கேட்டு அடையாள அட்டையக் காட்டுனாத்தான் படகுல விடுவாங்க. தெய்வசிகாமணி போயாச்சு. சம்பந்தியம்மா போயாச்சு. துளசிமணி... அதா, கையத் தூக்கறா.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. டிக்கெட்டு நானும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேனுங்க. நேத்துச் சாயங்காலம் டீ குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்து வரிசையில நின்னு எடுத்தேன். யாருக்கும் தெரியாது. சும்மா இருக்கட்டுமேன்னு. வேட்டிக்குள்ள டவுசரும் போட்டிருக்கேன். அதுவும் சும்மாதான். இந்த மஞ்சப் பையில இருக்கறது அந்த வெல்டிங் கண்ணாடிதான். யாராச்சும் மொறையாக் கூப்பிட்டா, அந்த நேரத்துல இல்லைன்னு ஆகக் கூடாதில்லீங்களா?

கேட்டீங்களா? "அர்தனாரி." எம்பேருதான். இந்திக்காரரு, அப்படித்தான் வாசிப்பாரு. இருக்கட்டும், ஒண்ணுதானே ஆச்சு.

அதா, மறுபடியும். ரெண்டு. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. சம்பந்தி கைய ஆட்டி ஏதோ கேக்கறாரு. துளசி படகுல ஒரு காலு, கரையில ஒரு காலு வெச்சுட்டு நிக்கறா. இன்னொருக்கா வாசிப்பாருங்களா? மூணு தடவ வாசிக்கறதுதானுங்களே மொறை? என்னங்க, பேனாவ எடுக்கறாரு. எம்பேர அடிக்கப் போறாரு போல இருக்குதே. என்ன ஆபீசருங்க இவரு, ரெண்டு தடவையோட நிறுத்துனா எப்படி?

துளசி எறங்கறா. அந்த ஆளு கையப் புடிச்சுட்டா. பேனாவப் புடிச்சுட்டா பாருங்க. ஏதோ சொல்றா. நோட்டுல எம்பேர அவளே பாக்கறா. இங்க பாக்கறா. நான் எங்கிட்டுப் பாக்கறதுங்க?

கேட்டுச்சா உங்களுக்கு?

அவதானுங்க. அவதான் கூப்பிட்டா. "அர்த்தநாரி"ன்னு, முழுப் பேரு, இத்தன ஜனத்துக்கு நடுவுல. கல்யாணமாகி முப்பத்தாறு வருசத்துல அவ வாயில எம்பேரு வந்ததே இல்லீங்க. ரேசன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கறவங்கள விட்டுச் சொல்ல வெப்பா. ஆஸ்பத்திரியில எனக்கு ஆபரேசன் பண்ணுனப்ப எழுதித்தான் காட்டுனா. அவ கூப்பிட்டிருக்கா, கடலுக்கே கேக்கற மாதிரி. சிரிச்சுட்டு நிக்கறா.

அந்த மஞ்சப் பைய எடுங்க. இந்த வாழப்பழம் உங்களுக்கு. நான் வர்றனுங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டா, இதுக்கு மேல உக்காந்திருந்தா மரியாதை இல்லீங்க.